மஞ்சள் போட்டு அவித்த குரல்வளை

தேனியில் எந்த நர்சிங் ஹோமுக்குப் போனாலும் டாக்டர் வியாகுலமேரிக்குப் பெயர் கிடையாது. கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ், "மயக்கம் வந்தாச்சு, பேஷண்ட டேபிள்ல ஏத்துங்க" என்று குரல் கொடுப்பாள். அறுக்கிறவர்களுக்குப் பெயர் உண்டு. வாசலில் விளக்குப் போட்ட பலகை உண்டு. மயக்க மருந்து கொடுக்கிறவர் பந்தல்காரர் மாதிரி. கூப்பிட்டால் வர வேண்டும், வேலை முடிந்ததும் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

அதை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது வாய்கள். அவளுடைய பிழைப்பு மனிதர்களின் வாய்க்குள் இருந்தது. சொத்தைப் பல், புண், முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு, வெற்றிலைக் கறை, எச்சில். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு வாய் திறக்கும்போதும் அவள் வயிறு ஒரு முறை புரண்டு அடங்கியது. யாரிடமும் சொன்னதில்லை. கணவன் பெனடிக்ட் உத்தமபாளையத்தில் திராட்சைக்கு மருந்து விற்கிறவன். அவன் மேலிருந்து வரும் பூச்சிமருந்து வாடை அவளுக்குச் சுத்தமானதாகத் தெரிந்தது.

பஞ்சம்மாளை அவள் முதலில் பார்த்தது டாக்டர் யுவராணியின் நர்சிங் ஹோமில். பஞ்சம்மாள் கம்பத்துக்காரி. ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். கழுத்தின் முன்புறம் தைராய்டு கட்டி, உரித்த தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது. முந்தானையைப் போட்டு மறைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது மூச்சு வாங்குகிறது என்று மகள் மாரீஸ்வரி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வாயத் திறங்க" என்றாள் மேரி.

"திறந்துதேன இருக்கேன்."

இரண்டு விரல் நுழையாது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்க்கயிறு போல இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து புகையிலை நாற்றம் வந்தது.

"எத்தன வருசமாப் போடுறீங்க?"

"என்னத்த?"

"கன்னத்துல அடக்கியிருக்கீங்களே, அத."

"அது பல்லு வலிக்கு."

"பொய்யி டாக்டர்" என்றாள் மாரீஸ்வரி. "எங்கப்பாவக் கட்டுறதுக்கு முந்தி இருந்தே போடுது. தூக்கத்துல கூடத் துப்பாது."

"நீ பாத்தயாக்கும், என் கல்யாணத்துக்கு முந்தி? பேச வந்துட்டா."

மேரி அவளை மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். படுத்தவள் அடுத்த நிமிடமே விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு எழுந்து உட்கார்ந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டதற்கு, "செவத்துல சாஞ்சு உக்காந்தமானிக்கே தூங்கிக்கிருவேன்" என்றாள். ஸ்கேன் படத்தில் மூச்சுக்குழல் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, கட்டிக்கு அடியில் கீறல் போல ஒடுங்கியிருந்தது.

மேரி கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். மற்றவர்களைப் போல முதலில் ஊசி போட்டுத் தூங்க வைக்க முடியாது. முழித்திருக்கும்போதே, கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் கொண்டுபோய், அதன்மேல் சுவாசக் குழாயை ஏற்ற வேண்டும். அது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தூக்கம். மரத்துப்போக மருந்து அடிப்பேன், வலிக்காது, ஓங்கரிக்கும், இருமல் வரும்.

பஞ்சம்மாள் முகம் கோணியது. "முழிச்சிருக்கையிலயா?"

"ஆமா."

"தர்மாஸ்பத்திரிக்கா வந்திருக்கோம்? எங்க நாத்தனாளுக்கு மதுரையில ஒத்த ஊசி. கண்ண முழிச்சுப் பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்கு மட்டும் மயக்கம் குடுக்காம அறுப்பாகளாம்."

"அறுக்கும்போது தூங்கிருவீங்க. குழாய் விடுறப்ப மட்டும்..."

"போங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யுவராணி தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. சுத்தமான கை, ரத்தம் சிந்தாத கை. கடன் வாங்கித் தியேட்டர் கட்டியவள். மதுரைக்கு ஒரு நோயாளியை அனுப்பினாலும், அடுத்தவன் நேராக மதுரைக்கே போய்விடுவான் என்று பயந்தவள்.

"அவேக், முழிச்சே இருக்கணும்னு நீ சொன்னதும் அந்தம்மா பெட்டியக் கட்டுதாம் மேரி. கம்பம் பூராம் போய்ச் சொல்லும், இங்கன மயக்கமே குடுக்காம அறுக்குறாகன்னு."

"அப்ப மதுரைக்கு அனுப்பு."

"மதுரைக்கு அனுப்பவா நான் தியேட்டர் கட்டுனேன்?"

"தூங்க வச்சா தசையெல்லாம் தளரும். கட்டியே மூச்சுக்குழல அமுக்கிரும். வாய் திறக்காது. மாஸ்க்ல காத்துப் போகாது. அப்ப என்ன செய்வ?"

"கழுத்துல ஓட்ட போட வேண்டியதுதான். அதத்தான ஞாயித்துக்கிழம நீங்கள்லாம் கத்துக் குடுக்கப் போறீங்க? உங்க மயக்க டாக்டர் ஈஸ்வரபாண்டிக்கு அன்னிக்கோட ஃபெலோஷிப் முடியுது. நீ மாட்டேன்னா செவ்வாய்க்கிழம அவர் குடுத்துட்டுப் போறார்."

"ஓட்ட போடுற எடத்து மேலதான் கட்டி உக்காந்திருக்கு யுவா."

"நான் சர்ஜன். கழுத்து எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். டீ ஆறிருச்சு, வேற சொல்லவா?"

மேரி வேண்டாம் என்றாள்.

ஃபெலோஷிப் என்ற சொல்லே அவளுக்கு இப்போது குமட்டியது. அவள் ராயப்பன்பட்டிக்காரி, இருதயம் வாத்தியாரின் மகள். மேற்படிப்புக்கு மயக்கவியல் அவள் ஆசைப்பட்டு எடுத்ததல்ல. அவளுடைய மதிப்பெண்ணுக்கு அதுதான் மிச்சமிருந்தது. "தூங்க வைக்கிறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று அம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதாள். படித்து முடித்ததும் போடி, சின்னமனூர், கம்பம், தேனி என்று கார் டிக்கியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியவள், ஓடிக்கொண்டே இருந்தாள். குழாய் போகாத வாய்கள் வந்தன. குருட்டாம்போக்கில் தள்ளினாள், போனது. இன்னொன்று வந்தது, வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினாள், அதுவும் போனது. சர்ஜன்கள் பாராட்டினார்கள். விபத்து ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததுதான் அவளை அரித்தது. அதிர்ஷ்டத்தைத் திறமை என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் யாரோ சாப்பிட்ட தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

நாற்பதை நெருங்கும்போது, மகள் ஜெஸ்லினைப் பெனடிக்டிடம் விட்டுவிட்டு, மூச்சுப்பாதை ஒன்றை மட்டும் படிக்கிற ஒரு வருட ஃபெலோஷிப்புக்காகப் பெரிய நகரம் ஒன்றுக்குப் போனாள். கூடப் படித்தவர்கள் அவளை ஆன்ட்டி என்றார்கள். அங்கே முதல் விதி, கேமராக் குழாயை நோயாளிக்கு விடுமுன் ஒருவருக்கொருவர் விட்டுக்கொள்ள வேண்டும். அவள் முறை வந்தது. கசப்பான மருந்து தொண்டையில் இறங்கியதும் தொண்டை தன்னுடையதில்லை என்று ஆனது. எச்சிலை விழுங்க முடியவில்லை. மூக்கில் பாம்பு மாதிரி அது நகர்ந்தது. எதிரே திரையில் அவளுடைய குரல்வளை தெரிந்தது. வெளுத்து, ஈரமாக, திறந்து மூடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ "பியூட்டிஃபுல்" என்றார்கள். அவள் ஓங்கரித்தபோது திரையில் அந்த ஓட்டை அவளைப் பார்த்துக் கூசிச் சுருங்கியது.

அங்கேயும் எல்லாம் சுத்தமில்லை. எண்ணிக்கை காட்டுவதற்காக, சாதாரணமாக வாய் திறக்கிற ஏழைகளுக்கும் அந்தக் குழாயை விட்டார்கள். துறைத்தலைவர் கஷ்டமான நோயாளியைத் தொடுமுன் வீடியோ எடுக்கிறவன் வந்துவிட்டானா என்று பார்ப்பார். ஆனாலும் வேலை என்னவோ கைக்கு வந்தது. அதைவிட, எப்போது தொடக்கூடாது என்பது வந்தது. ஊர் திரும்பியதும் அதுதான் யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. "மேரி முன்னாடியெல்லாம் சட்டுனு குடுக்கும். படிச்சிட்டு வந்து கெட்டுப்போச்சு" என்றார்கள்.

இப்போது வட்டாரத்து மயக்க மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமையில் அதே ஃபெலோஷிப்பைக் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிறு பேச்சு, மூன்றாவது ஞாயிறு கைப்பழக்கம், மதியம் பிரியாணி, தங்கக்கரை போட்ட சான்றிதழ். முழு வருடம் படித்தவள் என்று கீழே கையெழுத்துப் போட மேரியைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அவளுக்கே தெரியவில்லை. கூப்பிட்டார்களே என்றுதான் இருக்கும்.

பெரியகுளம் சாலையில் ஒரு ஹோட்டல் ஹால். முந்தின நாள் அங்கே ஒரு பெண்ணுக்குச் சடங்கு வீடு நடந்திருந்தது. மூச்சுப்பாதைப் பேனருக்கு மேலே தெர்மோகோல் எழுத்தில் அந்தப் பெண்ணின் பெயர் 'ஓவியா' என்று மினுங்கிக்கொண்டிருந்தது, எடுக்க ஏணி கிடைக்கவில்லையாம்.

கைப்பழக்கம் ஆட்டுக் குரல்வளையில். ஆட்டின் குரல்வளை மனிதனுடையதுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும். எல்லா வழியும் அடைபட்டு, நோயாளி நீலம் பாய்ந்து கிடக்கும்போது, கழுத்தின் முன்பக்கம் கத்தியால் கீறி நேராகக் குழாய் விடுவதை அதில்தான் பழகுவார்கள். சங்கத்துச் செயலாளர், ரிட்டயர் ஆன டாக்டர், சனிக்கிழமையே ஒரு வாளி நிறைய வாங்கி ஹோட்டல் சமையலறையில் கொடுத்திருந்தார்.

வாளியைத் திறந்தார்கள். மஞ்சள் வாடை ஹால் முழுக்கப் பரவியது. குரல்வளைகள் மஞ்சளாக, வழவழவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

மேரி சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டாள். "இத யாரு அவிச்சது?"

"நாந்தேன் மேடம். நேத்தே குடுத்துட்டுப் போயிட்டாக, பிரிட்ஜில எடமில்ல. கறி கெட்டுப்போகும்ல? மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு கொதி விட்டு எறக்கி வச்சேன். டாக்டருகளுக்கு சூப்புன்னுதான நெனச்சேன். மிளகு இன்னும் போடல."

செயலாளர் சிரித்தார். "நல்லதாப் போச்சு. போன தடவ நாத்தம் தாங்கல."

யாரும் நிறுத்தவில்லை. மேஜைமேல் வரிசையாக வைத்தார்கள். வெந்த குருத்தெலும்பு வாழைத்தண்டு மாதிரி இருந்தது. கத்தி தொட்டதும் இறங்கியது. தோல் இல்லை, கொழுப்பு இல்லை, ரத்தம் இல்லை, எங்கே வெட்ட வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. ஒருவர் தவறாமல் எல்லோருக்கும் முதல் தடவையிலேயே குழாய் உள்ளே போனது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். பட்டுச்சேலை கட்டி வந்த பெண் டாக்டர்கள் கையுறை மாட்டிய மஞ்சள் விரல்களைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விட வேகமாக முடித்தவர் ஈஸ்வரபாண்டி. அடக்கமான, வியர்க்கிற ஆள். "அவ்வளவுதானா மேடம்?" என்று மேரியைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார்.

சான்றிதழ்க் கட்டும் பேனாவும் வந்தன. பக்கத்து அறையில் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அதே ஆட்டு வாடை, இப்போது பட்டை கிராம்போடு. மேரி பேனாவை மூடி வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். இன்னொரு பயிற்சி இருக்கு."

"சாப்ட்டுட்டு வச்சுக்கலாமேம்மா."

"சாப்ட்டா செய்ய மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

அல்லிநகரத்தில் கருத்தக்கண்ணன் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மேரி முன்னால் போய், தலையோடு சேர்ந்த கழுத்து ஒன்று வேண்டும், தோலை உரிக்கக் கூடாது, முடியையும் வாட்டக் கூடாது என்றாள். அடுத்த ஆட்டைக் கொஞ்சம் கீழே வைத்து அறுத்தால் போதும்.

"முடியோடயா? செய்வின ஏதும் எடுக்கப் போறீகளா டாக்டரம்மா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அந்தம்மாதேன மயக்குற டாக்டரு, இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றது ஒரு குரல்.

"முழு ஈரல் ஒண்ணும் வேணும்."

"ஈரலு பிள்ளத்தாச்சிக்குச் சொல்லி வச்சிருக்குத்தா."

"இன்னிக்கு எனக்குக் குடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்கீகளா?" என்றார். நாற்பத்துச் சொச்சம் வயதில் அவளுக்குக் காது சுட்டது. ஆமாம் என்றாள். ஈரல் கிடைத்தது.

திரும்பி வரும்போது காருக்குள் ரத்தமும் ஆட்டுமுடியும் நாறின. கண்ணாடியை இறக்கிவிட்டாள். இதைச் செய்யாமல் இருந்தால் என்ன என்று நினைத்தாள். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பிரியாணி தின்னலாம். செவ்வாய்க்கிழமை வேறு ஊரில் வேறு கேஸ் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பஞ்சம்மாளும் அவளை வேண்டாம் என்றுதானே சொன்னாள்.

ஹாலில் மேஜைமேல் பிளாஸ்டிக் விரித்து ஆட்டுத்தலையைக் கிடத்தினாள். கண்கள் திறந்திருந்தன. மருந்துக் கம்பெனிக்காரன் பதறினான். "மேடம், கீழ கார்ப்பெட் மேடம்!" ரத்தம் ஏற்கெனவே சொட்டிவிட்டிருந்தது. ஈக்கள் எங்கிருந்தோ வந்தன.

கழுத்துத் தோலைப் பக்கவாட்டில் கீறி, தோலுக்கும் குரல்வளைக்கும் நடுவில் ஈரலை மடித்துத் திணித்துத் தைத்தாள். ஆட்டுக்குக் கழலை வந்த மாதிரி கழுத்து உப்பி நின்றது.

"ஈஸ்வர் சார், வாங்க. இது பஞ்சம்மா. செவ்வாய்க்கிழம உங்க டேபிள்ல இருக்கு. மூச்சு நின்னிருச்சு. போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். போன்கள் உயர்ந்தன. விரலால் தடவினார். எங்கே தொட்டாலும் மெத்தென்று இருந்தது. மறுபடி தடவினார். கீறினார். கறுப்பு ரத்தம் பொங்கி வந்தது. விரலை விட்டார், ஈரல் பிய்ந்து துணுக்குத் துணுக்காக வெளியே வந்தது.

"சக்‌ஷன் இல்ல மேடம்."

"இந்தாங்க சக்‌ஷன்."

உறிஞ்சு குழாய் ஈரல் துண்டை இழுத்து அடைத்துக்கொண்டு உறுமியது. அவர் இன்னும் ஆழமாகக் கீறினார். மூக்குக்கண்ணாடியில் ரத்தம் தெறித்தது. துடைக்கக் கையில்லாமல் முழங்கையைத் தூக்கினார். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கடைசியில் ஈஸ்வரபாண்டி குழாயை எடுத்துக் குத்துமதிப்பாக அழுத்தினார். அது ஈரலுக்குள் போய் நின்றது. காற்று ஊதியபோது ஓட்டை வழியே சிவப்பு நுரை கக்கியது.

போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"மேடம்" என்றார் செயலாளர், "இது சிலபஸ்லயே இல்ல."

மேரி கையுறையைக் கழற்றினாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. பிரியாணிக்குப் பிறகு செயலாளரே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, தெர்மோகோல் ஓவியாவுக்குக் கீழே நிற்க வைத்துக் கொடுத்தார். ஈஸ்வரபாண்டியும் வாங்கிக்கொண்டார். சட்டையில் ரத்தம் இருந்ததால் அவரை வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

வெளியே குழாயடியில் கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்திட்டீங்க."

"ஆமா."

"தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். அது இன்னும் கலங்கியது. "யுவராணி மேடத்துக்கிட்ட முடியாதுன்னு சொல்லிருவேன். உங்களுக்காக இல்ல. உங்கள எனக்குப் பிடிக்காது."

அன்று சாயங்காலமே யுவராணி போனில் கத்தினாள். ஆட்டுத்தலையைக் காட்டி ஊரையே கெடுத்துவிட்டாய், ஒருத்தனும் வர மாட்டேன் என்கிறான், வீடியோ போடி வரைக்கும் போய்விட்டது. கத்தி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, "சரி, நீயே வந்து முழிக்க வச்சே விட்டுத் தொல. ஆனா அந்தம்மாவ நீதான் சம்மதிக்க வைக்கணும். ஓடிப்போச்சுன்னா இனி என் வாசல்ல காலெடுத்து வைக்காத" என்றாள்.

திங்கட்கிழமை பஞ்சம்மாள் கட்டிலில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மேரி மறுபடி எல்லாம் சொன்னாள். தனக்கே அந்தக் குழாயை விட்டார்கள் என்றும் சொன்னாள்.

"உங்களுக்கென்ன, டாக்டருக விளையாட்டு. என்னைய மயக்கி அறுக்குறதுன்னா அறுங்க. இல்லாட்டி இந்தக் கட்டியோடயே போய்ச் சேர்றேன்."

"ஆத்தா, கொஞ்சம் கேளு" என்றாள் மாரீஸ்வரி.

"நீ சும்மா கெட."

மேரி கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். "சரி, படுங்க. கழுத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்" என்றாள். அது பொய். பஞ்சம்மாள் சரிந்து படுத்தாள். விசில் சத்தம் எழுந்தது. அவள் எழுந்திருக்க முண்டியபோது மேரி தோளில் கைவைத்து அமுக்கினாள். கிழவியின் கண் பெரிதானது. கால் படுக்கையை உதைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மேரி கையை எடுக்கவில்லை.

"விடுங்க டாக்டர்! விடுங்கன்னு சொல்றேன்ல!" என்று மாரீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

விட்டாள். பஞ்சம்மாள் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி மாதிரி காற்றை இழுத்தாள். வாயோரம் பழுப்பு எச்சில் வழிந்தது.

"ஊசி போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள் மேரி. "எந்திரிக்க மட்டும் முடியாது."

பஞ்சம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள். மேரி கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். அந்தத் தோளின் எலும்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. இதையும் எந்த ஃபெலோஷிப்பிலும் சொல்லித் தரவில்லை. ஒரு நோயாளியைப் பயமுறுத்திச் சம்மதம் வாங்கியவள் என்று இனி அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை தியேட்டரில், தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்து மருந்தைப் புகையாக இழுக்கச் சொன்னபோது, பஞ்சம்மாளின் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருப்பதை மேரி பார்த்தாள். அன்றைக்கும் அடக்கி வைத்திருந்தாள். அந்த ஒடுங்கிய வாய்க்குள் ஒரு விரலைக் கொடுத்து, ஊறிப்போன புகையிலை உருண்டையைத் தோண்டி எடுத்தாள். அதன் சாறு கையுறைக்குள் மணிக்கட்டு வரை வழிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி விரலை விட்டு மிச்சத்தையும் வழித்தாள்.

குழாய் மூக்கில் இறங்கியது. திரையில் சளி, நுரை, பழுப்புத் துணுக்குகள். பஞ்சம்மாள் ஓங்கரித்தாள். நர்ஸ்கள் இருபுறமும் கையைப் பிடித்திருந்தார்கள். குரல்வளை தெரிந்தது, மறைந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. "மூச்ச இழுங்க. இன்னொரு தடவ." திறந்தபோது நுழைந்தாள். கட்டி அமுக்கிய கீறலைத் தாண்டியதும் மூச்சுக்குழலின் வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சுவாசக் குழாயை அதன்மேல் ஏற்றினாள். இருமல் வெடித்து, எச்சிலும் சளியும் மேரியின் முகமூடியில் தெறித்தன. கண்ணில் நீர் வழியப் பஞ்சம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி இமை மூடும் வரைக்கும் அந்தப் பார்வை மாறவில்லை.

யுவராணி நன்றாக அறுத்தாள். ரத்தம் சிந்தவில்லை.

வியாழக்கிழமை மேரி வார்டுக்குப் போனாள். பார்க்க வந்த கம்பத்துச் சனம் கட்டிலைச் சுற்றி நின்றது. தைராய்டு அறுவையில் குரல் நரம்பு வெட்டுப்பட்டால் பேச்சு போய்விடும். அதைச் சோதிக்கத்தான் வந்திருந்தாள். 'ஈ' என்று நீட்டிச் சொல்லச் சொல்ல வேண்டும். மேரி வாயைத் திறப்பதற்குள் பஞ்சம்மாள் கையை நீட்டினாள்.

"இந்தா வந்துட்டாள்ல! இவதேன்! என்னைய முழிக்க வச்சு மூக்குல பைப்ப விட்டவ. அமுக்கி உசுர எடுக்கப் பாத்தாளே, பாவி மட்ட, இவ கையில புத்து பொறப்பட!"

முதல் சொல் கொஞ்சம் கரகரத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் தெளிவாக, மேலே மேலே ஏறி வந்தது. சனம் மேரியைத் திரும்பிப் பார்த்தது. மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள், அம்மாவை அடக்கவில்லை. வாசலில் வந்து நின்ற யுவராணி மேரியின் காதருகே குனிந்து, "கேட்டியா? ரெண்டு நரம்பும் அப்படியே இருக்கு. என் கை" என்று மெல்லச் சிரித்தாள்.

"டாக்டராம்ல டாக்டரு! ஆட்டுத்தலையில பழகுனவளாம்! இவ வீட்டுல ஒரு சீக்கு வரட்டும், அப்பத் தெரியும்!"

மேரி கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அருவருப்பு எழுந்து வந்தது. திட்டுகிறவள் மேலா, தன் மேலா, பக்கத்தில் சிரிக்கிறவள் மேலா என்று பிரிக்க முடியவில்லை. பஞ்சம்மாள் நிறுத்தவில்லை. தலையணையைக்கூடத் தள்ளிவிட்டு மல்லாக்கப் படுத்திருந்தாள். விசில் இல்லாமல், நடுவில் மூச்சுக்கு நிற்காமல், மேரியின் மூன்று தலைமுறையையும் ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.